நாற்றுக் கலவையின் பிஎச்: கந்தகத்தைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாதிக்குப் பாதி கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) மண்புழு உரமும் கலந்து, குழித்தட்டில் தக்காளியும் மிளகாயும் பெட்யூனியாவும் விதைத்திருக்கிறீர்கள். முளைப்பு நன்றாக வந்தது. மூன்றாவது இலை வரும்போது குருத்து வெளிற ஆரம்பித்தது. பெட்யூனியா ரொம்ப மோசம். கலவையை அளந்தால் பிஎச், அதாவது புளிப்பு-கார அளவு, 7.6 காட்டுகிறது; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். பிஎச்சை இறக்கக் கந்தகத்தூள் எவ்வளவு போட வேண்டும், இல்லை வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

நாற்று நிற்கும் தட்டில் கந்தகம் வேண்டாம். அது வேலையைத் தொடங்குவதற்குள் நாற்று நடவுக்கு வந்துவிடும். வினிகர் சில நாள் கணக்கைக் காட்டிவிட்டுப் போய்விடும். இப்போதைக்கு இரும்புச்சத்து கொடுத்து நாற்றைத் தூக்குங்கள், ஊற்றும் தண்ணீரை மாற்றுங்கள் அல்லது அதன் காரத்தைக் குறையுங்கள். அடுத்த விதைப்புக்கு மண்புழு உரத்தை ஐந்தில் ஒரு பங்குக்குள் அடக்குங்கள். இவ்வளவுதான் செய்ய வேண்டியது. ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், எந்த எண்ணை நோக்கிப் போகிறோம்? பிஎச் அட்டவணைகள் பலவும் வயல் மண்ணுக்காகப் போடப்பட்டவை. அங்கே 6.0 முதல் 7.0 வரை நல்லது என்பார்கள். வயல் மண்ணில் 5.5-க்குக் கீழே போனால் களிமண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். அதனால்தான் கீழ் எல்லையை அதற்கு மேலே வைத்தார்கள். கோகோபீட், பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) போன்ற மண்ணில்லாக் கலவையில் அந்த அலுமினியம் கிட்டத்தட்ட இல்லை. அதோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்), இரும்பு, மாங்கனீசு, போரான் எல்லாம் இப்படிப்பட்ட கலவையில் இன்னும் கீழான பிஎச்சில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. எனவே இலக்கும் அரை எண் போலக் கீழே இறங்குகிறது: பெரும்பாலான நாற்றுகளுக்கு 5.5 முதல் 6.3 வரை. தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைக்கோஸ் எல்லாம் 5.8 முதல் 6.5 வரை நிம்மதியாக இருக்கும். பெட்யூனியாவுக்கு 5.4 முதல் 6.2. அது இரும்பை இழுப்பதில் சோம்பேறி, அதனால்தான் உங்கள் தட்டில் முதலில் அது வெளிறியது. செண்டுமல்லியும் ஜெரேனியமும் நேர்மாறு: இரும்பை அளவுக்கு மீறி இழுத்துக்கொள்ளும், 6.0-க்குக் கீழே வைத்தால் அடியிலைகளில் பழுப்புப் புள்ளி விழும். இவற்றுக்கு 6.0 முதல் 6.6 வரை வையுங்கள். அசேலியா, புளூபெர்ரி மட்டும் தனிச்சாதி, 4.5 முதல் 5.5 வரை கேட்கும்.

இந்த எண்களின் இடைவெளியைக் குறைத்து எடைபோட வேண்டாம். 1909-ல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவுகோலை வகுத்தபோது ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கைக் குறிக்கும்படிதான் வைத்தார். 7.6-க்கும் 5.6-க்கும் நடுவே, புளிப்பைத் தரும் ஹைட்ரஜன் அயனியின் அளவில் நூறு மடங்கு வித்தியாசம். அதேசமயம் 6.1-ஆ 6.3-ஆ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதிலும் அர்த்தமில்லை. அளக்கும் முறையிலேயே அவ்வளவு பிசகு இருக்கும்.

இன்னொன்று, விதை முளைக்கும் கட்டத்தில் பிஎச் பெரிய விஷயமே இல்லை. விதைக்குத் தேவையான சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. வித்திலை விரிந்து, அந்தச் சேமிப்பு தீர்ந்து, வேர் வெளியிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும்போதுதான் கலவையின் குணம் தெரியும். 'முளைப்பு நன்றாக வந்தது, அப்புறம்தான் கெட்டது' என்று நீங்கள் சொன்னது இதோடு சரியாகப் பொருந்துகிறது. முளைப்பே சரியில்லை என்று யாராவது வந்தால் நான் பிஎச்சைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். விதையின் வயது, ஈரம், வெப்பம், உப்பு எல்லாம் அதற்கு முன்னால் நிற்கின்றன. முளைத்த நாற்று அடித்தண்டு கருகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல், அதற்கும் முதல் காரணம் பெரும்பாலும் அதிக ஈரம்தான்.

சரி, 7.6 என்று எப்படி அளந்தீர்கள்? இதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் பதிலின் பாதி இதில்தான் இருக்கிறது.

மண்ணில் குத்திப் பார்க்கும் இரண்டு முள் கருவியால் அளந்திருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். லேசான, காற்று நிறைந்த கலவையில் அந்த முள்ளுக்கும் ஈரத்துக்கும் சரியான தொடர்பே இருக்காது. ஈரம் மாறினால் எண்ணும் மாறும். கண்ணாடிக் குமிழ் வைத்த பேனா வடிவ மீட்டர் போதும், ஆனால் அதை அளவீடு செய்ய வேண்டும். கூடவே வரும் 6.86, 4.01 பொடிகளைச் சொன்ன அளவு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, முதலில் 6.86-ல் நிறுத்தி, கழுவி, பிறகு 4.01-ல் பாருங்கள். இரண்டாவதில் 4.4, 4.5 என்று நின்றால் குமிழ் தேய்ந்திருக்கிறது அல்லது காய்ந்திருக்கிறது. குமிழைக் காயவிடக் கூடாது. அதற்கான சேமிப்புக் கரைசலில்தான் வைக்க வேண்டும், காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுவதும் கெடுதல். ஒருமுறை ஊற்றிய கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

கலவையை அளப்பதற்கு வீட்டில் செய்யக்கூடிய முறை ஒன்றுக்கு இரண்டு. குழியின் மேற்புறத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து எடுத்த கலவை ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு, எடையில் இல்லை, கொள்ளளவில். கலக்கி அரை மணி நேரம் வைத்து, மறுபடி கலக்கி அளக்க வேண்டும். மேற்புறத்தை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், தண்ணீர் ஆவியாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் மேலேதான் படிகின்றன. அந்தப் படலத்தைச் சுரண்டி அளந்தால் வேர் இருக்கும் இடத்தைவிட எண் கூடுதலாகத்தான் வரும். குழாய்த் தண்ணீரில் கலக்கி அளந்தால் இன்னும் மோசம். அப்போது நீங்கள் அளப்பது கலவையை அல்ல, குழாயை.

நாற்று நிற்கும்போது கலவையைத் தோண்ட மனம் வராது. அதற்கு வேறு வழி இருக்கிறது. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, ஐந்தாறு குழிகளின் வேர்க்கட்டியை மெதுவாக வெளியே எடுத்து, விரலால் பக்கவாட்டில் அழுத்தி, வடியும் சில சொட்டுகளைச் சின்ன மூடியில் பிடியுங்கள். கட்டியைத் திரும்பக் குழியில் வைத்துவிடலாம், நாற்றுக்கு ஒன்றும் ஆகாது. சொட்டு போதவில்லை என்றால் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். இந்த முறையில் வரும் எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம், எப்போதும் ஒரே முறையில் அளந்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், ஒரு நாள் எடுத்த துல்லியமான எண்ணைவிட, வாரம் ஒருமுறை ஒரே மாதிரி எடுத்த மூன்று எண்கள் மேல்.

இப்போது உங்கள் கலவைக்கு வருவோம். கோகோபீட் இயல்பாகவே 5.5-லிருந்து 6.8-க்குள் இருக்கும், பெரும்பாலும் 6-ஐ ஒட்டி. அதாவது அதற்குச் சுண்ணாம்பும் வேண்டாம், கந்தகமும் வேண்டாம். பீட் பாசிதான் 3.5 முதல் 4.5 வரை கிடக்கும். சுண்ணாம்பு போடும் பக்குவமெல்லாம் அதற்குத்தான் எழுதப்பட்டது. பெர்லைட், வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த லேசான கனிமத் துகள்கள்) இரண்டும் நடுநிலை அல்லது அதற்குச் சற்று மேலே, அவற்றால் பெரிய மாற்றம் வராது. மண்புழு உரம் 6.5 முதல் 8 வரை, மட்கு எரு சில சமயம் 8-ஐயும் தாண்டும். இவற்றில் கார்பனேட் இருக்கும், உப்பும் இருக்கும். பாதி மண்புழு உரம் என்றால் பிஎச் ஏறுவது மட்டுமல்ல, இளவேருக்கு உப்புச் சுமையும் கூடுகிறது. 10 முதல் 20 சதவீதம் வரை நாற்றுக்கு நல்லது செய்யும் மண்புழு உரம், அதற்கு மேலே போகப் போகத் தொந்தரவுதான். உமிக்கரி, மரச்சாம்பல் ஏதாவது சேர்த்திருக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். சாம்பல் நல்ல காரப்பொருள், ஒரு கைப்பிடியே ஒரு தட்டைத் தூக்கிவிடும்.

கலவையிலேயே கார்பனேட் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு கரண்டிக் கலவையைத் தட்டில் பரப்பி வெள்ளை வினிகர் சில சொட்டு விடுங்கள், காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பொரிகிற சத்தமோ நுரையோ வந்தால் தனிச் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியிருந்தால் எந்த அமிலம் ஊற்றினாலும் அந்தச் சுண்ணாம்பு தீரும்வரை பிஎச் அசையாது. அந்தக் கலவையை நாற்றுக்கு விடாமல் பெரிய தொட்டிச் செடிக்கு ஒதுக்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நுரை வரவில்லை, ஆனாலும் பிஎச் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். இங்கேதான் பலரும் தடம் மாறுகிறார்கள். தண்ணீரின் பிஎச்சை அளந்து '7.2தான், நன்றாக இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். தண்ணீரில் பார்க்க வேண்டியது பிஎச் அல்ல, ஆல்கலினிட்டி. அதாவது அமிலத்தை விழுங்கக்கூடிய பைகார்பனேட், கார்பனேட் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது. தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் இது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருக்கும். மீன் தொட்டிக்கு விற்கும் சோதனைச் சொட்டு மருந்திலும் பார்த்துக்கொள்ளலாம். ஒரே 7.2 பிஎச் உள்ள இரண்டு தண்ணீரில் ஒன்றில் 40 மில்லிகிராமும் மற்றதில் 300 மில்லிகிராமும் இருக்கலாம். முதலாவது கலவையை ஒன்றும் செய்யாது. இரண்டாவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொட்டும்.

எவ்வளவு கொட்டுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 குழி கொண்ட தட்டு, குழிக்கு 20 மில்லி என்றால் மொத்தக் கலவை 2 லிட்டர். வெயில் நாளில் அந்தத் தட்டு அரை லிட்டர் தண்ணீர் குடிக்கும். 28 நாளில் 14 லிட்டர். தண்ணீரின் ஆல்கலினிட்டி 250 என்றால் 14 லிட்டரில் 3.5 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரம் வந்திறங்குகிறது. லிட்டர் கலவைக்கு 1.75 கிராம். இதில் கொஞ்சம் அடித்துளை வழியாக வடிந்துபோகும் என்று வைத்துக்கொண்டாலும் இது சின்ன அளவு இல்லை. 4-ல் கிடக்கும் பச்சைப் பீட் பாசியை 6-க்குக் கொண்டுவரவே லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) தூள்தான் போடுவார்கள். அப்படியென்றால், ஏற்கெனவே 6-ல் இருக்கும் கோகோபீட்டுக்கு நீங்கள் ஒரு மாதத்தில் தெரியாமலே பாதித் தவணைச் சுண்ணாம்பு போட்டுவிடுகிறீர்கள். பெரிய தொட்டியில் இதே தண்ணீர் இவ்வளவு ஆட்டம் காட்டாது, ஏனென்றால் அங்கே கலவை அதிகம், தாங்கும் சக்தியும் அதிகம். சின்னக் குழியில் எல்லாம் சீக்கிரம் நடக்கும்.

அதனால் குழித்தட்டு நாற்றுக்கு 60 முதல் 100 வரை ஆல்கலினிட்டி உள்ள தண்ணீரே நல்லது. 150-ஐத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும். இருப்பதிலேயே சுலபமான வழி மழைநீர். மழைநீரில் ஆல்கலினிட்டி கிட்டத்தட்ட இல்லை, எனவே பாதிக்குப் பாதி கலந்தால் 250 என்பது 125 ஆகிவிடும். ஆர்ஓ தண்ணீரும் அப்படியே. ஒரு நாற்றுத் தட்டுக்கு நாளைக்கு அரை லிட்டர்தானே, அது பெரிய பாரம் இல்லை. தண்ணீரை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகலாம், ஆல்கலினிட்டி போகாது. வீட்டுக் கடினநீர் மென்மையாக்கியில் வரும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்: அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, பைகார்பனேட் அப்படியே இருக்கிறது. நாற்றுக்கு அது இரட்டைக் கேடு.

மழைநீர் கிடைக்கவில்லை என்றால் அமிலம். வீட்டளவுக்குச் சிட்ரிக் அமிலம் கையாள எளிது. 250 ஆல்கலினிட்டி உள்ள தண்ணீருக்கு லிட்டருக்குக் கால் கிராம் என்று ஆரம்பித்து, நன்றாகக் கலக்கி, மீட்டரில் 6.0 வரும்வரை சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். 6.0-ல் நிறுத்தினால் பைகார்பனேட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் மிஞ்சியிருக்கும், அதாவது 250-ல் 75 போல. நமக்கு வேண்டியது அதுதான். முழுதும் அழித்து 4.5-க்குக் கொண்டுபோனால் தண்ணீருக்குத் தாங்கும் சக்தி போய்விடும், அப்புறம் கலவையும் எந்தப் பக்கமும் சரியும். ஒருமுறை அளவு தெரிந்துவிட்டால் தினமும் மீட்டர் வேண்டாம், தராசு போதும்.

சிட்ரிக் அமிலத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது கரிம அமிலம். கலவையிலுள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்றுவிடும், தின்றபின் அதோடு ஒட்டியிருந்த கால்சியமும் மக்னீசியமும் மறுபடி பைகார்பனேட்டாகவே திரும்பும். வினிகரிலும் இதே கதைதான். இன்று அளந்தால் இறங்கியிருக்கும், சில நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஊற்றும் தருணத்தில் இரும்பும் மணிச்சத்தும் கொஞ்சம் இளகும், அந்த அளவுக்கு லாபம். நாற்று நிற்பது நான்கைந்து வாரம்தான் என்பதால் ஒவ்வொரு நீர்ப்பாசனத்திலும் கொடுத்தால் ஓட்டிவிடலாம், நிரந்தரத் தீர்வு என்று எண்ண வேண்டாம். பெரிய நாற்றுப் பண்ணைகள் கந்தக அமிலம், பாஸ்பாரிக் அமிலம், நைட்ரிக் அமிலம் பயன்படுத்துவது இதனால்தான்; அவை திரும்பி வராது. ஆனால் அவற்றுக்குக் கண்ணாடி, கையுறை, அளவுக்குழாய் எல்லாம் வேண்டும், எப்போதும் அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. பாஸ்பாரிக் அமிலத்தை மட்டுமே நம்பினால் மணிச்சத்து அளவு மீறும். பேட்டரி அமிலத்தை யார் சொன்னாலும் தொடாதீர்கள். பயன்படுத்திய பேட்டரியின் அமிலத்தில் ஈயம் கலந்திருக்கும், சாப்பிடும் பயிருக்கு அது கூடவே கூடாது.

கந்தகத்தைப் பற்றி இப்போது பேசலாம். கந்தகத்தூள் நேராகப் புளிப்பு இல்லை. அதைக் கந்தக அமிலமாக மாற்றுவது பாக்டீரியா. அந்தப் பாக்டீரியாவுக்குச் சூடு, ஈரம், காற்று மூன்றும் வேண்டும், நேரமும் வேண்டும், வாரக்கணக்கில். ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்த கலவையில் பாக்டீரியாவே இருக்காது, அதில் கந்தகம் சும்மா மஞ்சளாகக் கிடக்கும். மாற்றம் முழுதாக நடந்தால் 32 கிராம் கந்தகம் 100 கிராம் கால்சியம் கார்பனேட்டை அழிக்கும், கிராமுக்கு மூன்று கிராமுக்குச் சற்று மேலே. இப்போது தெரிகிறதா, கை தவறிப் போட்டால் என்ன ஆகும் என்று? நாற்றில் ஒன்றும் தெரியாமல் இருந்து, நட்ட பிறகு திடீரென 4.5-க்கு இறங்கும். கந்தகம் போடத்தான் வேண்டும் என்றால் காலிக் கலவையில் லிட்டருக்கு 0.3 முதல் 0.6 கிராம், மாவாக அரைத்தது, ஈரப்படுத்திச் சூடான இடத்தில் மூன்று நான்கு வாரம் மூடி வைத்து, இடையிடையே கிளறி, அளந்து பார்த்துவிட்டு விதையுங்கள். நனையும் கந்தகம் நுண்ணிய தூள் என்பதால் சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் அதுவும் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், பாக்டீரியாவுக்குக் காத்திராது. அதே அமிலத்தைத் தர கந்தகத்தைவிட எட்டு ஒன்பது மடங்கு எடை வேண்டும், அவ்வளவும் உப்பாகச் சேரும். நாற்று இலையில் பட்டால் கருப்புக் கறை, தீய்ச்சல். காலிக் கலவையில் கொஞ்சமாகப் போடலாம், நாற்று மேல் வேண்டாம். அலுமினியம் சல்பேட் நாற்றுக்கு அறவே வேண்டாம். மேலே சொன்ன அலுமினியத் தொல்லையை நாமே விலைக்கு வாங்குகிற மாதிரி.

உரமும் பிஎச்சை நகர்த்தும், இதைக் கவனிப்பவர்கள் குறைவு. வேர் அமோனியத்தை உறிஞ்சும்போது அமிலத்தை வெளியே விடுகிறது, நைட்ரேட்டை உறிஞ்சும்போது காரத்தை. அதனால் கால்சியம் நைட்ரேட்டை மட்டுமே கொடுத்துவந்தால் பிஎச் மெல்ல ஏறும். அமோனியம் அல்லது யூரியா கலந்த கரையும் உரம் கொடுத்தால் மெல்ல இறங்கும். உங்கள் தட்டில் ஏறியிருப்பதால் அமோனியம் கலந்த உரத்துக்கு மாறலாம், மிகக் குறைந்த அளவில். மொத்த நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமோனியம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீறினால் நாற்று கொழுகொழுவென்று நீளும், குளிர் நாட்களில் அமோனிய நஞ்சும் சேரும்.

இப்போது நிற்கும் நாற்றுக்கு என்ன செய்வது? இலையை உற்றுப் பாருங்கள். புது இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புப் பற்றாக்குறை. பிஎச் ஏறியதன் நேரடி அடையாளம். அடியிலை முதலில் சீராக மஞ்சளாகிறது என்றால் அது தழைச்சத்துக் குறைவு, அதற்கு பிஎச்சைக் குறை சொல்லாமல் உரம் கொடுங்கள். இரும்புதான் என்றால் கீலேட் இரும்பு (ஒரு கரிமப் பொருள் பிடித்துவைத்திருக்கும் இரும்பு) வாங்கும்போது பாக்கெட்டைப் படிக்க வேண்டும். இடிடிஏ (EDTA) என்று போட்டிருந்தால் 6.5-க்கு மேலே அது இரும்பைக் கைவிட்டுவிடும், 7.6-ல் வீண். டிடிபிஏ (DTPA) 7-ஐ ஒட்டித் தாங்கும். இடிடிஹெச்ஏ (EDDHA) 9 வரைகூடத் தாங்கும், உங்களுக்கு வேண்டியது இதுதான். அட்டையில் சொன்ன அளவில் கரைத்து வேரில் ஊற்றி, உடனே இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். சிவப்புக் கறை பயமுறுத்தும், ஆனால் ஒரு வாரத்தில் புதுக் குருத்து பச்சையாக வரும். ஏற்கெனவே ரொம்ப வெளுத்த பழைய இலை முழுதாகத் திரும்பாது, அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று மறுபடி ஊற்றாதீர்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பீட் பாசியில் விதைப்பவர்களுக்கு அதுதான் வரும். பிஎச்சை ஏற்றுவதற்கு மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் அல்லது டோலமைட். டோலமைட்டில் மக்னீசியமும் கிடைக்கும், ஆனால் கொஞ்சம் மெதுவாகக் கரையும். அளவைவிட அரைப்பு முக்கியம். பவுடர் போல மெல்லியதாக இருந்தால் ஓரிரு வாரத்தில் வேலை முடியும், மணல் போல இருந்தால் நாற்று நட்டு முடிந்த பிறகும் கரைந்துகொண்டிருக்கும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவதில் இதுதான் பிரச்சினை. அதுவும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் துண்டாகக் கிடந்தால் நாற்று நிற்கும் காலத்தில் எதுவும் நடக்காது. நீற்றிய சுண்ணாம்பு உடனே வேலை செய்யும், கை பிசகினால் 8-க்கு மேலே தூக்கிவிடும். சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டதும் கொதித்து வேரையும் கையையும் சுடும்.

லிட்டருக்கு எத்தனை கிராம் என்று என்னிடம் ஒரே எண் கேட்டால் சொல்லமாட்டேன். 1930-களில் இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் உருவான விதைக் கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ சுண்ணாம்புதான், அதாவது லிட்டருக்கு 0.6 கிராம். அதில் பாதி வண்டல் மண், கால்வாசிதான் பீட். முழுப் பீட் கலவைக்கு அதைப்போல ஐந்து முதல் எட்டு மடங்கு வேண்டும். கோகோபீட்டுக்குப் பூஜ்யம். ஒருவருடைய பக்குவம் இன்னொருவருக்கு உதவாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. பதிலாக இதைச் செய்யுங்கள்: உங்கள் கலவையை ஆறு பைகளில் ஒரு லிட்டர் வீதம் போட்டு, 0, 1, 2, 3, 4, 5 கிராம் சுண்ணாம்புத்தூள் கலந்து, பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் அளவுக்கு நனைத்து, பை வாயைத் தளர்வாகக் கட்டி நிழலான சூட்டில் வையுங்கள். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் அளந்து ஒரு தாளில் கோடு போடுங்கள். 5.8 எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் அளவு. அதே சாக்கு, அதே தூள் இருக்கும்வரை அது மாறாது. தண்ணீர் ஆல்கலினிட்டி அதிகம் என்றால் 5.8-க்குப் பதில் 5.5-ல் நிறுத்துங்கள், மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

நாற்று நிற்கும்போதே 5-க்குக் கீழே இறங்கிவிட்டால் பொட்டாசியம் பைகார்பனேட்டை லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கரைத்து ஒருமுறை ஊற்றலாம். ஊற்றியதும் இலையைக் கழுவி, மறுநாள் சாதாரண உரத் தண்ணீரால் நன்றாக அலசிவிட வேண்டும். நீற்றிய சுண்ணாம்புத் தெளிவு நீரும் ஊற்றலாம், ஆனால் கலவையில் அமோனியம் உரம் இருந்தால் அமோனியா வாயு கிளம்பி இளவேரைக் கருக்கும்.

ஜிப்சத்தைப் பற்றியும் சந்தேகம் அடிக்கடி வரும். அது பிஎச்சை ஏற்றாது, கால்சியமும் கந்தகச் சத்தும் மட்டும் தரும். கோகோபீட்டுக்கு நாம் சுண்ணாம்பு போடாததால் கால்சியம் குறையும், அந்த இடத்தில் லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் நல்ல துணை. எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேட்) பிஎச்சைத் தொடாது. காபிச் சக்கை புளிப்பு என்பது பொதுவான நம்பிக்கை. வடித்து முடித்த சக்கை நடுநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், புதிதாகப் போட்டால் நாற்றின் வளர்ச்சியையும் தடுக்கும்.

அடுத்த விதைப்புக்கு: அலசிய கோகோபீட் 70 முதல் 75 பங்கு, பெர்லைட் அல்லது வெர்மிகுலைட் 10 பங்கு, சலித்த மண்புழு உரம் 15 முதல் 20 பங்கு, லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம். கலந்து, நனைத்து, ஒரு வாரம் மூடி வைத்து அளந்தால் பெரும்பாலும் 6.0 முதல் 6.5 வரை நிற்கும். 6.5-க்கு மேலே வந்தால் மண்புழு உரத்தை இன்னும் குறையுங்கள், மருந்து தேட வேண்டாம். பெட்யூனியாவுக்கு மட்டும் ஒரு தனித் தட்டு, மண்புழு உரம் 10 பங்குக்குள், முழுக்க மழைநீர். தக்காளியும் மிளகாயும் பாதி மழைநீரிலேயே ஓடிவிடும். விதைத்துப் பத்தாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை நான்கைந்து கட்டிகளை அழுத்திப் பாருங்கள், முதல் வார எண்ணிலிருந்து 0.3-க்கு மேல் ஏறினால் தண்ணீரில் அமிலத்தைத் தொடங்கலாம், பழைய இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்.